ஐந்து சதவீதம்

2025 செப்டம்பர் 22, நவராத்திரியின் முதல் நாள். அன்றைக்கு இந்தியக் குழந்தைகளின் பல்லுக்கு ஒரு வரப்பிரசாதம் கிடைத்தது. பற்பசைக்கும் டூத் பிரஷுக்கும் 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 5 சதவீதமாக இறங்கியது. யார் குறை சொல்வார்கள்? கை தட்டத்தான் வேண்டும். தட்டிய கையைப் பிரிப்பதற்குள் அதே பட்டியலில் கொஞ்சம் கீழே கண்ணை ஓட்டினால் சாக்லேட் 18-லிருந்து 5. பிஸ்கட் 18-லிருந்து 5. ஐஸ்கிரீமும் அப்படியே. சர்க்கரை மிட்டாய் 12-லிருந்து 5. ஒரே கவுன்சில், ஒரே கூட்டம், ஒரே நாளில் அமல். பல்லைக் கெடுப்பதற்கும் 5, கெட்ட பல்லைத் துலக்குவதற்கும் 5. இத்தனை நடுநிலையை மனுநீதிச் சோழனிடம்கூட எதிர்பார்த்திருக்க முடியாது.

இதற்கு நான்கு மாதம் முன்னால், அந்த மே மாதத்தில், சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் அன்றாடக் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது. 11 முதல் 18 வயதில் 15 சதவீதம். இருக்க வேண்டியது 5 சதவீதம். எனவே பள்ளிதோறும் ‘சர்க்கரைப் பலகை’ வையுங்கள் என்றது. நாடு சொன்ன சொல் தவறவில்லை. நான்கே மாதத்தில் ஐந்து சதவீதத்தைத் தொட்டுவிட்டது. தட்டில் வந்திருக்க வேண்டிய ஐந்து பில்லில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பலகையைக் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு சர்க்கரை சாப்பிடலாம், கடைத் தின்பண்டத்தில் எவ்வளவு இருக்கிறது, தின்றால் என்ன ஆகும், பதிலுக்கு எதைத் தின்னலாம் என்று எல்லாம் அதில் எழுத வேண்டும். சர்க்கரை நோயும் உடல் பருமனும் முன்னால் நிற்க, பல்லுக்கும் ஒரு ஓரத்தில் இடம் உண்டு. திருவண்ணாமலையில் வேன் வைத்துப் பிள்ளை பிடிக்கிற பெரிய பள்ளிகள் பளபளவென்று எழுதி மாட்டிவிடும். தண்டராம்பட்டுப் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி சிபிஎஸ்இ-யில் சேராது. அங்கே சர்க்கரைக்குப் பலகையும் கிடையாது, பல ஊர்களில் அந்தப் பலகையை மாட்ட விரிசல் இல்லாத சுவரும் கிடையாது. சரி, மாட்டியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அதைப் படிக்க வேண்டிய ஆள் பள்ளிக்குள் வருவதே இல்லை. அவர் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார். பெட்ரோல் டேங்க் மேல் பத்து ரூபாய் கிரீம் பிஸ்கட் தயாராக இருக்கிறது.

‘பல் பாதுகாப்பு விழிப்புணர்வு முகாம்’ என்று ஒன்று நடக்கும். எந்த ஊரில், எந்தப் பள்ளியில் என்று கேட்காதீர்கள். எல்லா ஊரிலும் ஒரே முகாம்தான். பத்து மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் பதினொன்றே முக்காலுக்கு வருவார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் குடிக்க எழுந்தால் திட்டு விழும். மேசை மேல் பூசணிக்காய் அளவில் ஒரு பிளாஸ்டர் பல்வரிசை, அதன் பக்கத்தில் முழங்கை நீளப் பிரஷ். சால்வை போர்த்தி முடித்ததும் விருந்தினர் “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று ஆரம்பிப்பார். எந்த விருந்தினரும் வேறு எதையும் சொல்லி ஆரம்பித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆலங்குச்சி எங்கே கிடைக்கும் என்று ஒரு பிள்ளையும் கேட்காது. சாலையை அகலப்படுத்தும்போது வெட்டிய மரங்களில் எத்தனை ஆல், எத்தனை வேல் என்று கேட்டால் விருந்தினருக்கே சங்கடம்.

பிறகு கேள்வி பதில். “பல்லுக்குக் கெடுதல் எது, யார் சொல்வீங்க?” மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் துள்ளி எழுந்து “சாக்லேட் சார்!” என்கிறான். “சபாஷ்!” விருந்தினரின் கை சட்டைப் பைக்குள் போகிறது. வெளியே வருவது சாக்லேட். சரியான விடை சொன்னவனுக்குச் சரியான தண்டனை. விழா முடிந்து கலையும்போது எல்லாருக்கும் ஆளுக்கொரு சின்னப் பற்பசைப் பாக்கெட், ஆளுக்கொரு மிட்டாய். பிள்ளை எதை வழியிலேயே பிரிப்பான், எதைப் பையின் அடியில் போட்டு மறப்பான் என்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

கொடி ஏற்றினால் மிட்டாய், பிறந்த நாளென்றால் மிட்டாய், நூற்றுக்கு நூறு வாங்கினால் மிட்டாய், ஊசிக்கு அழுதால் அழுகையை நிறுத்த மிட்டாய். பெரியவர்கள் கையில் பாராட்டுக்கும் பரிவுக்கும் இருக்கிற ஒரே நாணயம் சர்க்கரை. அதையே கொடுத்துக் கொடுத்து வளர்த்துவிட்டு, “இனிப்புத் தின்னாதே” என்று பாடம் நடத்துகிறோம். பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது: பாடம் தேர்வுக்கு, மிட்டாய் வாழ்க்கைக்கு.

அருணகிரிநாதர் திருவண்ணாமலைக்காரர். முருகனைப் பாட வாய் திறந்தபோது முதல் பாட்டின் முதல் அடியிலேயே அவர் கொண்டுவந்து வைத்தது முத்துப்போன்ற பல்வரிசையின் சிரிப்பை. அந்த ஊர்த் தெருவில் நாலு வயதுப் பிள்ளையைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். மேல்வரிசை முன்பல் நான்கும் கறுத்து, ஈறு மட்டத்துக்குத் தேய்ந்து நிற்கும் வாய்களைப் பார்க்க ரொம்ப தூரம் நடக்க வேண்டியதில்லை.

நடப்பதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. பௌர்ணமி கிரிவலம் 14 கிலோமீட்டர். குழந்தையோடு மெதுவாகச் சுற்றினால் நாலைந்து மணி நேரம். ராஜகோபுரத்தடியில் கற்பூரம் ஏற்றிவிட்டு ஒரு குடும்பம் கிளம்புகிறது, கூடவே நாலு வயதுப் பெண் குழந்தை. அக்னி லிங்கத்தைத் தாண்டுவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் தொன்னையில் கேசரி நீட்டுகிறார். சாமி பிரசாதம், வேண்டாம் என்று சொல்லலாமா? எம லிங்கத்துக்கு முன்னால் பிஸ்கட் பாக்கெட். நிருதி லிங்கம் தாண்டியதும் ஒரு டம்ளர் ரோஸ் மில்க். அதற்குள் ஜவ்வு மிட்டாய்க்காரர் வந்துவிடுகிறார். மூங்கில் கழியின் உச்சியில் கை தட்டும் பொம்மை, அதற்குக் கீழே கழியில் சுற்றிய ரோஸ் கலர் ஜவ்வு. இழுத்து, முறுக்கி, குழந்தையின் மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம் கட்டிவிடுகிறார். ஊரிலேயே நேர்த்தியான கைத்தொழில்களில் ஒன்று அது. குழந்தை அந்தக் கடிகாரத்தை நக்கிக்கொண்டே மூன்று கிலோமீட்டர் வருகிறாள். அதில் முள் நகராது, அமிலம் மட்டும் நகரும். குபேர லிங்கத்தருகே சர்க்கரைப் பொங்கல். ஈசான்ய லிங்கம் வருவதற்குள் அப்பா தோளில் தூங்கிவிட்டாள். கன்னத்துக்குள் ஊறிப்போன பிஸ்கட் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து போளூர் பஸ். வாய் கொப்பளிக்க வைப்பதற்காக யார் எழுப்புவார்கள்?

அந்த வாய்க்குள் நடப்பது இதுதான். சர்க்கரை பட்டதும் பல்மேல் படிந்திருக்கிற கிருமிகள், அவற்றில் முக்கியமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது, அதைத் தின்று அமிலம் கக்கும். வாயின் பிஎச் (pH) அளவு 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல்பூச்சு கரையத் தொடங்கும். எச்சில் மெல்ல மெல்ல அதைச் சரிசெய்யும். அதற்கு அரைமணி நேரமாவது ஆகும், ஒட்டுகிற பண்டமென்றால் இன்னும் கூடும். இருபது நிமிஷத்துக்கு ஒருவர் புண்ணியம் செய்துகொண்டே வந்தால் எச்சில் என்ன செய்யும்? தூக்கத்தில் அந்த எச்சிலும் குறைந்துவிடும். ஒரே உட்காரலில் ஒரு லட்டைத் தின்று முடித்து வாய் கொப்பளித்த பிள்ளை, ஒரு ஜவ்வு மிட்டாயை மணிக்கணக்கில் நக்கிய பிள்ளையைவிட எவ்வளவோ தேவலை. எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான், எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் கணக்கு.

இதைக் கண்டுபிடிக்க உலகம் ஒரு பாவம் செய்திருக்கிறது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தருகே விப்பேஹோல்ம் என்று ஒரு காப்பகம். மூளை வளர்ச்சி குன்றியவர்களை வைத்திருந்த இடம். 1940-களின் பிற்பகுதியில் அங்கிருந்தவர்களுக்கு, பல்லில் ஒட்டுவதற்கென்றே செய்த டாஃபியைச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பற்கள் வரிசை வரிசையாகச் சொத்தையாயின. 1954-இல் முடிவுகள் வெளிவந்தன. அந்த அவமானத்திலிருந்தும் ஸ்வீடன் ஒன்றைக் கற்றுக்கொண்டது: பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும். இன்றைக்கும் அங்கே அது வீட்டு வழக்கம். அதே பரிசோதனையை நாம் டாக்டர் இல்லாமல், நோட்டுப் புத்தகம் இல்லாமல், பக்தியோடு மாதா மாதம் நடத்துகிறோம். முடிவை மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை.

கிரிவலப் பாதையில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் சுண்டலும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிடுகிறேன். இனிப்புக்காரருக்கும் மனசு கெட்டதில்லை. இனிப்பு மலிவு, சீக்கிரம் கெடாது, வாங்குகிற குழந்தை சிரிக்கும், படம் நன்றாக வரும். கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் செய்கிறவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், நிர்வாகம் காட்டிய இடத்தில்தான் கொடுக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. நல்ல கட்டுப்பாடுகள்தான். அதே கையோடு “குழந்தைகளுக்கு இனிப்புக்குப் பதில் சுண்டல்” என்று ஒரு வரி சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். சேர்க்க மாட்டார்கள். தின்றவனுக்கு மறுநாள் வயிற்றால் போனால் அது செய்தி. ஒரு வருஷம் கழித்துப் பல்லால் போனால் அது தலைவிதி.

அரசாங்கத்துக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2024 பிப்ரவரியில் வந்தது. பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை. ரோடமின்-பி என்கிற துணிச்சாயத்தைக் கலந்திருந்தார்கள், நியாயமான தடை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: முழுக்க முழுக்கச் சர்க்கரையால் ஆன ஒரு பண்டத்தில் அரசு கண்டுபிடித்த குற்றம் அதன் நிறம். வெள்ளையாக விற்றிருந்தால் வீட்டுக்கே வந்து வாழ்த்தியிருப்பார்கள்.

வெள்ளைச் சர்க்கரைதான் விஷம் என்று சொல்லும் கூட்டம் ஒன்றும் இந்த ஊரில் பெருகியிருக்கிறது. செங்கம் சாலையில் ஆசிரமங்களைச் சுற்றி முளைத்திருக்கும் கடைகளில் எல்லாமே நாட்டுச் சர்க்கரை, பனை வெல்லம், கருப்பட்டி, தேன். அங்கே கருப்பட்டி அல்வாவைப் பிள்ளைக்கு மருந்து மாதிரி ஊட்டுகிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கரும்பின் குலம் கோத்திரம் கேட்பதில்லை. கார்த்திகைப் பொரியுருண்டையின் வெல்லமும் அதற்குச் சர்க்கரைதான், முன்னூறு ரூபாய்க்கு விற்கிற ஆர்கானிக் சர்க்கரையும் அதற்குச் சர்க்கரைதான். நம் ஆட்களுக்குத்தான் அந்தப் பாகுபாடு வேண்டியிருக்கிறது.

இனி பெரிய இடம். 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் அப்போது விற்ற நெஸ்லே குழந்தை உணவான செரிலாக்கில் ஒரு வேளைக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சேர்த்த சர்க்கரை. நெஸ்லே பிறந்த சுவிட்சர்லாந்தில் விற்பதில் அது இல்லை என்றது. இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டே செய்கிறோம், ஐந்து வருடத்தில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்திருக்கிறோம் என்றது கம்பெனி. சட்டத்துக்கு உட்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை; என் ஆத்திரமே அந்தச் சட்டத்தின் மேல்தான். அதே மாதம் போர்ன்விட்டா போன்ற பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று இணைய வணிகக் கம்பெனிகளுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. அப்படி ஒரு வகையே சட்டத்தில் கிடையாதாம். ஐம்பது வருஷமாக ஆரோக்கியம் என்று ஆற்றிக் கொடுத்த தாய்மார்களிடம் யாராவது ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தார்களா? பலகையைக் கழற்றி வேறு பலகை மாட்டினார்கள். டப்பாவுக்குள் இருப்பது அதேதான்.

“பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்.” இந்த மண்ணில் அதிகம் பல்லைத் தின்ற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். படித்தவர்களும் சொல்கிறார்கள். பால் பல் இருபதில் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நின்றாக வேண்டும். அவைதான் பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. அதைவிட ஒரு மோசம். ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும்போது எந்தப் பல்லும் விழாது. வரிசைக்குக் கடைசியில் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எழுபது வயதுவரை உழைக்க வந்த பல் எட்டு வயதில் ஓட்டையாகிறது.

ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற பெயரில் 2013-லிருந்து பள்ளிக்கு மருத்துவ வண்டி வருகிறது. பார்க்க வேண்டிய குறைகளின் பட்டியலில் பல்லும் உண்டு. டார்ச் அடித்துப் பார்த்து, சீட்டில் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கும் அப்பால் இருக்கிற ஒரு தாய் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் மாறி மலையிறங்கி வரவேண்டும். பல்லைக் காப்பாற்ற இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடியும். அவள் எதைக் கேட்பாள்? பிடுங்கத்தான் கேட்பாள். அதற்குப் பெயர் அறியாமையாம். விழிப்புணர்வு இல்லையாம். அவளுக்கும் ஒரு முகாம் போடுவார்கள், பூசணிக்காய்ப் பல்லோடு.

ஒன்றை மட்டும் வசவில்லாமல் சொல்கிறேன். சத்துணவைப் பலகையில் எழுதாமல் தட்டில் வைத்துக் கற்பித்த மாநிலம் இது. காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-இல் எம்ஜிஆர் விரிவாக்கிய சத்துணவு, பிறகு வந்த முட்டை, பயறு, 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய காலை உணவு. காலையில் சாம்பாரோடு பொங்கலோ உப்புமாவோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை முதல் இடைவேளைக்கு மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடுவதில்லை. பல் சுகாதாரத் திட்டம் என்று யாரும் பெயர் வைக்காத பல் சுகாதாரத் திட்டம் அது. ஆனால் அதுவும் ஐந்தாம் வகுப்போடு நிற்கிறது. நிரந்தரப் பல் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் சேருகிற வயதில், ஆறாம் வகுப்பில், பசி தானாக நின்றுவிடும் என்று கோட்டையில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பசி போகிற இடம் கேட்டுக்கு எதிரே இருக்கிற ஆயா கடை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டுவிட்டது. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டரை அங்குலம் பிசகாமல் அளந்து வைத்திருக்கிற ஊரில் இந்த 50 மீட்டரை அளக்க மட்டும் டேப் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் எங்கே நீளும் என்று எனக்குத் தெரியும். பாக்கெட்டை அச்சடித்து லாரியில் அனுப்புகிற ஃபேக்டரி 50 மீட்டருக்கு வெளியே, சட்டத்துக்கு உட்பட்டு, 5 சதவீத வரியில் சுகமாக இருக்கிறது. அதைச் சரம் கட்டித் தொங்கவிட்டு விற்கிற விதவைக் கிழவிதான் 50 மீட்டருக்குள் இருக்கிறாள். அபராதச் சீட்டு அவள் பெயருக்கு.

தமிழ்நாட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, அதிகம் விளையும் மாவட்டங்களில் திருவண்ணாமலை முன்வரிசை. செங்கம், போளூர், வந்தவாசி, எங்கே திரும்பினாலும் கொல்லை. உப்புப் போட்டு அவித்த ஒரு கை மல்லாட்டை பல்லுக்கும் நல்லது, பசிக்கும் நல்லது. அது எண்ணெயாகி எங்கெங்கோ போகிறது. பள்ளிப் பிள்ளைக்குத் திரும்பி வந்தால் வெல்லப் பாகில் ஒட்டிய கடலை மிட்டாயாக வருகிறது. ரேஷன் கடையில் சர்க்கரை கிலோ 25 ரூபாய். மல்லாட்டை போடுகிற ரேஷன் கடை எந்தத் தெருவிலும் இல்லை.

“ஏன் ஆயா, இந்த மிட்டாய எல்லாம் எடுத்துட்டு மல்லாட்டை அவிச்சு விக்கலாமே?” என்று கேட்டால் ஆயாக்கள் சிரிப்பார்கள். “அவிச்சா பொழுது சாய வித்தாவணும் கண்ணு, இல்லன்னா ஊசிப்பூடும். மிட்டாயி ஆறு மாசம் கெடாது, கம்பெனிக்காரன் கடனுக்கே போட்டுட்டுப் பூறான். ஊசுற நஷ்டத்த எவன் குடுப்பான்?”

ஊட்டச்சத்துக் கல்வி பற்றி இந்த மாவட்டத்தில் எந்த மேடையிலும் கேட்கப்படாத கேள்வி இது. ஒரு கடைக்கு அந்த நஷ்டம் நாளொன்றுக்கு ஒரு டீ, வடைக் காசு தேறினால் அதிகம். முகாமுக்கு வாங்கிய சால்வை, பூங்கொத்து, பிளக்ஸ் செலவில் ஒரு கல்வியாண்டு முழுக்க அதை ஈடுகட்டலாம். கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள். ஃபைலைப் புரட்டிவிட்டு ஒன்றுதான் கேட்பார்கள்: “நல்ல யோசனை சார், ஆனா இதுக்கு எந்த ஹெட்ல பில் போடறது?”